கோலம் போட்டால் பிடிக்காத சளி!

நானூறு மீட்டர். இரண்டரை நிமிஷம். ஓடி முடிக்கணும்.

‘அவ்ளோதானா? பஸ்ஸைப் பிடிக்க இதைவிட வேகமா ஓடுவோமே பாஸ்!’ என்று நீங்க சிரிக்கிறது கேட்குது. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பெண்களுக்கான ஓட்டம் இதுதான். ஆண்களுக்கு 1,500 மீட்டர், ஏழு நிமிஷம். இருபது வயசில், மூணு மாசம் ஒழுங்காக கிரவுண்டுக்குப் போனால் முடிகிற விஷயம்தான்.

இப்போ கணக்கில் கொஞ்சம் காரம் சேர்ப்போம். ஓட வேண்டியவருக்கு வயசு 27. வீட்டில் ஒன்றரை வயசுக் குழந்தை. ராத்திரி ரெண்டு தடவை எழுந்து அழும். காலையில் ஏழரைக்குள் சமையல் முடியணும். மாசம் மார்கழி. ஊர் போளூர்.

சிரிப்பு நின்னுடுச்சா? மேலே படிங்க.

போளூர்க்காரர்களுக்குக் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே ஜவ்வாது மலை. ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்து ஓய்ந்ததும், மலைப் பக்கமிருந்து ராத்திரியில் குளிர் இறங்க ஆரம்பிக்கும். காலையில் சம்பத்கிரி மலை கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பனி மூடுகிற நாளும் உண்டு. ஸ்வெட்டர், மஃப்ளர், மங்கி குல்லா எல்லாம் பரணிலிருந்து இறங்கிவிடும். சரியாக அந்த நேரத்தில்தான் காவலர் தேர்வு எழுதியவர்களுக்குக் காலில் வேலை வருகிறது. 2022-ல் எழுத்துத் தேர்வு நவம்பர் 27-ம் தேதி. ஓட்டம், தாண்டல், எறிதல் எல்லாம் 2023 பிப்ரவரியில். அடுத்த வருஷம் எழுத்துத் தேர்வு டிசம்பர் 10. மைதானத் தேர்வு 2024 பிப்ரவரியில். பேனாவை மூடி வைத்தால், கால்களுக்குக் கிடைப்பது மார்கழியும் தையும்தான்!

வயசு வரம்பையும் பாருங்க. சமீபத்திய அறிவிப்புகளில் பொதுப் பிரிவுக்கு 26, பி.சி., எம்.பி.சி.க்கு 28, எஸ்.சி., எஸ்.டி.க்கு 31, ஆதரவற்ற விதவைகளுக்கு 37. டிகிரி முடித்த கையோடு கல்யாணம், அடுத்த வருஷம் குழந்தை என்று போகிற நம்ம பக்கத்துப் பெண்ணுக்கு, ‘கடைசி சான்ஸ்’ வருகிற நேரத்தில் வீட்டில் ஒரு குழந்தை இருக்கும். அரசு வேலை, சொந்தச் சம்பளம், யாரிடமும் கை நீட்டாத வாழ்க்கை... இத்தனையும் அந்த நானூறு மீட்டரில் தொங்குது. உங்க கிளாஸ்மேட்டின் அக்காவாக இருக்கலாம். உங்க அண்ணியாகவும் இருக்கலாம்.

குளிர் வில்லன் இல்லை

முதலில் ஒரு உண்மையை உடைத்துவிடலாம். ஓடுகிறவர்களுக்குக் குளிர் எதிரி இல்லை, ஃப்ரெண்டு. உடம்பு ஓடும்போது அடுப்பு மாதிரி. உள்ளே உருவாகிற சூட்டை வெளியே தள்ளுவதற்கே இதயம் நிறைய உழைக்கணும். வெளியே குளிராக இருந்தால் அந்த வேலை மிச்சம். டோக்கியோ ஒலிம்பிக்கில் மாரத்தானை டோக்கியோவில் நடத்தாமல், வடக்கே குளிர்ச்சியான சப்போரோவுக்குத் தூக்கிக்கொண்டு போனதே வெயிலுக்குப் பயந்துதான். சென்னைக்காரர்கள் மாரத்தானை ஜனவரியில் வைப்பதும் சும்மா இல்லை. சித்திரை வெயிலில் ஓடிப் பழகியவர்களுக்கு மார்கழிக் காலை என்பது இலவச ஏ.சி.

நிஜ வில்லன் இருட்டு.

‘மார்கழி போகட்டும், தை பொறந்தா வெளிச்சம் வந்துடும்’ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதுதான் இல்லை! டிசம்பர் 21, 22 வாக்கில் பகல் பொழுது மிகக் குறைவு என்பது சரி. ஆனால், சூரியன் மிகத் தாமதமாக எழுந்திருப்பது அன்றைக்கு இல்லை. போளூரில் மே மாசக் கடைசியில் 5.47 வாக்கில் சூரிய உதயம். டிசம்பர் கடைசி வாரத்தில் 6.30-ஐத் தாண்டும். ஜனவரி கடைசியில்தான் 6.40-ஐத் தொடும். பூமி சாய்ந்து சுற்றுவதும், அதன் பாதை சரியான வட்டமாக இல்லாததும் சேர்ந்து செய்கிற வேலை இது. பொங்கல் முடிந்தும் காலையில் இருட்டாகவே இருக்குதே என்று அலுத்துக்கொள்பவர்கள் பொய் சொல்லவில்லை.

சாயங்காலம் கதை வேறு. நவம்பர் கடைசியில் 5.45-க்கெல்லாம் மறைகிற சூரியன், ஜனவரி கடைசியில் 6.10 வரை இருக்கும். ஆகவே காலையில் வெளிச்சத்துக்காகக் காத்திருக்க முடியாத அம்மா, அப்பாக்கள் தை மாசத்தில் சாயங்காலத்துக்கு மாறிவிடுவது புத்திசாலித்தனம். ஆறு மணிக்கு குழந்தையை யார் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. அதற்கு வருவோம்.

மாமியார் தியரி!

“இன்னாத்துக்கும்மா இந்தப் பனியில போற? புள்ளைக்கு சளி புடிச்சிக்கும்!”

பால் கொடுக்கிற அம்மா ஷூ லேஸ் கட்டினால், வட ஆற்காடு வீடுகளில் கேட்கிற டயலாக் இது. அக்கறையில் வருகிற வார்த்தைதான், சந்தேகமில்லை. ஆனால், ஒரு விஷயம் மட்டும் புரியவே மாட்டேங்குது. இதே மார்கழியில், இதே மருமகள், இதே பனியில் நாலரை மணிக்கு எழுந்து, தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு, வாசலில் உட்கார்ந்து அரை மணி நேரம் கோலம் போடுகிறாரே... பூசணிப் பூ வைக்கிறாரே... அப்போ வராத சளி, கிரவுண்டுக்குப் போனால் மட்டும் எப்படி வரும்?

கார்த்திகை தீபத்தையே எடுத்துக்கோங்க. போளூரிலிருந்து பஸ் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் திருவண்ணாமலை. பதினாலு கிலோமீட்டர் கிரிவலம். கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு, ராத்திரி பூரா சுற்றுகிற அம்மாக்கள் எத்தனை பேர்! அந்தக் கூட்டத்தில் யாரும் பனியைப் பற்றிப் பேசுவதில்லை. நம்ம மாவட்டத்துப் பெண்களின் காலுக்குத் தூரமும் புதுசில்லை, குளிரும் புதுசில்லை. ‘எதுக்காகப் போறா’ என்பதில்தான் ஊருக்குப் பிரச்னை.

டாக்டர் பாயின்ட்டுக்கு வருவோம். சளி பிடிப்பது வைரஸால். பனியில் ஓடியதால் தாய்ப்பாலில் சளி இறங்காது. மிதமான உடற்பயிற்சியால் பால் சுரப்பும் குறையாது. கிளம்புவதற்கு முன்னால் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டால் அம்மாவுக்கும் கனமில்லாமல் இருக்கும், குழந்தையும் தூங்கும். ஆஸ்துமா, வீசிங் இருப்பவர்களுக்குக் குளிர்ந்த காற்று உண்மையிலேயே தொந்தரவு கொடுக்கும். அவர்கள் டாக்டரிடம் கேட்காமல் வேகம் எடுக்கக் கூடாது. போகி அன்று டயர் புகையில் யாருமே ஓட வேண்டாம். காய்ச்சல் இருந்தால் படுத்துக்கொள்ளலாம். இதைத் தாண்டிப் பனிக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

பதிமூணு நிமிஷம் போதுமா?

போதும் என்று ஆராய்ச்சி சொல்கிறது. இதைத்தான் ஒவ்வொரு அம்மா, அப்பாவும் முதலில் தெரிந்துகொள்ளணும்.

1980-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்தில் ராபர்ட் ஹிக்சன் என்பவர் ஒரு சோதனை செய்தார். சிலரை வாரம் ஆறு நாள், தினம் 40 நிமிஷம் என்று பத்து வாரம் கடுமையாகப் பயிற்சி செய்ய வைத்தார். மூச்சுத் திறன் நன்றாக ஏறியது. அப்புறம் பயிற்சியைக் குறைக்கச் சொன்னார். ஒரு குழுவுக்கு நாட்களை நாலு, ரெண்டு என்று குறைத்தார். இன்னொரு குழுவுக்கு நேரத்தை 26 நிமிஷம், 13 நிமிஷம் என்று வெட்டினார். ஒரே ஒரு நிபந்தனை: வேகத்தை, அதாவது உழைப்பின் கடுமையைக் குறைக்கக் கூடாது. பதினைந்து வாரம் கழித்து அளந்தால்... ஏறிய மூச்சுத் திறன் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது! வாரம் ரெண்டு நாள் செய்தவர்களுக்கும், தினம் 13 நிமிஷம் செய்தவர்களுக்கும்தான். பிறகு இன்னொரு சோதனையில் நாளையும் நேரத்தையும் அப்படியே வைத்து, கடுமையை மட்டும் குறைத்துப் பார்த்தார். திறன் இறங்கிவிட்டது. 13 நிமிஷக் குழுவுக்கு நீண்ட நேரம் தாக்குப் பிடிக்கிற சக்தி மட்டும் கொஞ்சம் குறைந்தது. மாரத்தான் ஓடுபவர்களுக்கு அது கவலை. நானூறு மீட்டருக்கும் 1,500 மீட்டருக்கும் அவ்வளவு இல்லை.

நாம் என்ன செய்கிறோம்? இதற்கு நேர் எதிர். குளிர் வந்ததும், ‘டெய்லி போகணும்’ என்கிற வீம்பை மட்டும் வைத்துக்கொண்டு, கிரவுண்டில் ஷால் போர்த்தியபடி ஒரு மணி நேரம் மெதுவாக நடக்கிறோம். ரெண்டு வாரத்தில் அதுவும் நின்றுவிடும். நின்றதும் ‘எனக்கு வில் பவர் இல்ல’ என்று ஒரு சோகம் வேறு. குழந்தை வைத்திருப்பவர்களின் ஓட்டம் நிற்பதற்குக் காரணம் மன உறுதி இல்லாதது இல்லை. ஒரு மணி நேரத் திட்டத்தைப் பதினைந்து நிமிஷ வாழ்க்கைக்குள் திணிக்கப் பார்ப்பதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,500 மீட்டரை ஏழு நிமிஷத்தில் முடிக்கணும் என்றால், ஒரு நானூறு மீட்டர் சுற்றுக்கு 1 நிமிஷம் 52 விநாடி. பயிற்சியில் ஒரு சுற்றை 1 நிமிஷம் 45 விநாடியில் ஓடுங்கள். ரெண்டு நிமிஷம் நடங்கள். இப்படி நாலு சுற்று. ஓட்டம் ஏழு நிமிஷம், நடுவில் நடை ஆறு நிமிஷம். சரியாகப் பதிமூணு! பெண்கள் தேர்வுக்கு 200 மீட்டரை 75 விநாடியில் ஓடினாலே போதும். ஆகவே 65 விநாடியில் ஒரு இருநூறு, ஒரு நிமிஷம் நடை, இப்படி ஆறு தடவை. பன்னிரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். வாரத்துக்கு மூணு நாள் இது நடந்தால் மார்கழி உங்களை ஜெயிக்கவில்லை என்று அர்த்தம். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: ஹிக்சன் சொன்னது ஏற்கனவே ஏற்றிய திறனைக் காப்பாற்றும் வழி. ஆடி, ஆவணியில் அடித்தளம் போட்டவர்களுக்குத்தான் இந்தச் சலுகை. புதுசாக ஆரம்பிப்பவர்கள் ரெண்டு வாரம் நடை, மெது ஓட்டம் என்று ஏறித்தான் வரணும்.

குளிரில் தசைகள் விறைத்திருக்கும். எழுந்ததும் நேராக வேகம் பிடித்தால் தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொள்ளும். அதற்கான வார்ம்-அப்பை வீட்டுக்குள்ளேயே முடிக்கலாம். சமையலறையில் பால் பொங்குவதற்குள் இருபது முறை உட்கார்ந்து எழுந்தால் முடிந்தது. மாடிப்படி இருந்தால் இன்னும் வசதி. மழை கொட்டுகிற நாளில் ஸ்கிப்பிங் கயிறு இருக்கவே இருக்கு.

கிரவுண்ட் இல்லாமல் வேலூர்-திருவண்ணாமலை ரோட்டில் இறங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பனியில் லாரிக்காரருக்கு உங்களைத் தெரியாது. கரும்பு டிராக்டருக்குப் பின்னால் லைட் இருக்கும் என்று நம்பாதீர்கள். கறுப்பு டி-ஷர்ட் வேண்டவே வேண்டாம். எதிரே வருகிற வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ரோட்டின் வலது ஓரமாகப் போங்கள். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். கடித்துவிட்டால் பதினைந்து நிமிஷம் சோப்பு போட்டுக் கழுவி, நேரே அரசு ஆஸ்பத்திரி, ஊசி. பெண்கள் இருட்டில் தனியாகப் போகாமல் மூணு பேராகச் சேர்ந்து போவது நல்லது. இதை எழுதும்போதே கோபம் வருகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டியிருக்கு.

பிரசவம் முடிந்து எத்தனை நாளில் ஓடலாம் என்று பல பேருக்குத் தெரிவதில்லை. கேட்கவும் கூச்சம். பிரிட்டனில் 2019-ல் பிசியோதெரபிஸ்ட்கள் வெளியிட்ட வழிகாட்டியின்படி, குறைந்தது மூணு மாசம் ஓட்டம் வேண்டாம். அதற்கு முன் நடை, இடுப்புத் தசைக்கான பயிற்சி மட்டும். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். அவர்கள் டாக்டர் ஓ.கே. சொன்ன பிறகுதான் ஷூ வாங்கணும். ஓடும்போது சிறுநீர் கசிந்தாலோ, அடிவயிறு கனத்தாலோ ‘புள்ள பெத்தா இப்படித்தான்’ என்று சகித்துக்கொள்ளாமல் காட்டணும். அதே கணக்கெடுப்பில் நம் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. மூச்சு வாங்குவதைப் பயிற்சிக் குறைவு என்று நினைத்து இன்னும் ஓடுகிறவர்கள் நிறைய பேர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்ப்பதற்குக் காசு இல்லை. முதலில் அதைப் பாருங்க.

ஷைனி ஓடியது எப்போது?

‘குழந்தை பிறந்தாச்சு, இனி என்ன ஓட்டம்?’ என்று கேட்பவர்களிடம் ஒரு பெயர் சொல்லலாம். ஷைனி வில்சன். பி.டி. உஷா காலத்து ஓட்டக்காரர். 1984-லிருந்து நாலு ஒலிம்பிக் பார்த்தவர். 1992 பார்சிலோனாவில் இந்திய அணிக்குக் கொடி பிடித்துப் போன முதல் பெண். அப்போதே அவர் ஒரு குழந்தைக்கு அம்மா. 800 மீட்டரை ரெண்டு நிமிஷத்துக்குள் ஓடிய முதல் இந்தியப் பெண்ணும் அவர்தான். 1995-ல், நம்ம சென்னையில், 1 நிமிஷம் 59.85 விநாடி. கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் முன்னால் ஓடாத நேரத்தை அதற்குப் பிறகு ஓடினார்! 2010-ல் டின்டு லூகா முறியடிக்கும் வரை, பதினைந்து வருஷம் அந்த சாதனையை யாரும் தொடவில்லை. கணவர் வில்சன் செரியன் சர்வதேச நீச்சல் வீரர். விடிகாலைப் பயிற்சி என்றால் என்ன என்று அந்த வீட்டில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

வெளிநாட்டிலும் உண்டு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நாலு தங்கம் வாங்கிய நெதர்லாந்தின் ஃபேனி பிளாங்கர்ஸ்-கோயனுக்கு அப்போது வயசு 30, ரெண்டு குழந்தைகள். கென்யாவின் ஃபெயித் கிப்யேகன் 2018-ல் மகளைப் பெற்றார். அதற்குப் பிறகு டோக்கியோ, பாரிஸ் ரெண்டு ஒலிம்பிக்கிலும் 1,500 மீட்டர் தங்கம். இவர்களுக்கெல்லாம் கோச், சம்பளம், குழந்தையைப் பார்க்க ஆள் இருந்ததே என்று கேட்டால், கேள்வி நியாயம். அந்த ஆள்தான் இங்கே விஷயமே.

ஒரு வித்தியாசத்தை உங்க தெருவிலேயே பார்க்கலாம். அப்பா ஓடப் போவது எப்படி? “ஓடிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார். அவருக்குத் தேவை அலாரம் மட்டும். அம்மா ஓடப் போவது எப்படி? முதல் நாள் ராத்திரியே மாவு அரைத்து, காய் நறுக்கி, யூனிஃபார்ம் எடுத்து வைத்து, பாப்பா எழுந்தால் யார் தூக்குவது என்று மூணு பேரிடம் கேட்டு, அதில் ஒருவர் முகம் சுளித்து... அலாரம் அடிக்கும்போது பாதி சக்தி போயிருக்கும். அப்பாக்கள் சோம்பேறிகள் என்று சொல்லவில்லை. மில் ஷிஃப்ட் முடித்து வந்து, குளிரில் நாலே முக்காலுக்கு எழுந்து ஓடுகிற அப்பாக்களும் உண்டு. ஆனால், அவர்கள் விட்டுவிட்டுப் போகிற வீடு, திரும்பி வரும்போது தானாகவே நடந்துகொண்டிருக்கும். அம்மாவுக்கு அந்த லக்ஷுரி கிடையாது.

இங்கேதான் நீங்க வர்றீங்க, மக்களே. நீங்க என்றால் ஹாஸ்டலிலிருந்து செமஸ்டர் லீவுக்கு வந்து, பத்து மணி வரை போர்வைக்குள் இருக்கும் நீங்க. உங்க அக்காவோ, அண்ணியோ, ஏன் சர்க்கரை ஏறிப் போய் ‘தினம் நடங்க’ என்று டாக்டர் சொல்லிவிட்ட உங்க அம்மாவோ வெளியே போக அவர்களுக்குத் தேவை நாற்பது நிமிஷம். கிரவுண்டுக்குப் போக, வர, நடுவில் அந்தப் பதிமூணு. வாரத்தில் மூணு நாள். மொத்தம் ரெண்டு மணி நேரம். ஒரு சினிமா டைம்கூட இல்லை.

‘ஆல் தி பெஸ்ட் அக்கா’ என்று ஸ்டேட்டஸ் போட வேண்டாம். வேண்டியது எல்லாம் சில்லறை வேலைகள். ராத்திரியே பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி வைப்பது. பாப்பாவின் பால் பாட்டில் எந்த அலமாரியில் இருக்கு என்று தெரிந்து வைத்துக்கொள்வது. அழுதால் எந்தப் பாட்டு போட்டால் நிற்கும் என்று முன்னாடியே கேட்டுக்கொள்வது. இருட்டாக இருந்தால் வண்டியில் கிரவுண்ட் வரைக்கும் கொண்டுபோய் விடுவது. பாட்டி முணுமுணுத்தால், “நான் பார்த்துக்கறேன் ஆயா, நீ தூங்கு” என்று சொல்வது. பேரன் சொன்னால் எடுபடும். மருமகள் சொன்னால் எடுபடாது. கசக்கிற நிஜம், என்ன செய்ய!

ஒரு சின்ன விஷயம் பாக்கி. அஞ்சு மணி அலாரத்தை அக்காவின் போனில் வைக்க வேண்டாம். அது அடித்தால் பாப்பா முழித்துக்கொள்ளும். உங்க போனில் வைத்து, தலையணைக்கு அடியில் வைப்ரேஷனில் போட்டுக்கோங்க. எழுந்து போய் அக்காவின் காலை மெதுவாகத் தட்டி எழுப்பினால் போதும்.